அண்ணியின் சுருட்டு பன்

அந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லோரும் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேசினார்கள். ஒன்று, வயல்களின் நடுவே பதிக்க வந்த எரிவாயுக் குழாய். இன்னொன்று, எங்கள் அண்ணி சுடும் பன். முதல் விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். மயிலாடுதுறையில் ஒரு சர்வே அலுவலகத்தில் வேலை. இடத்தை அளப்பது, படம் வரைவது, அதைப் புல எண்களோடு ஒத்துப் பார்ப்பது என்று நாள் போகும். குத்தாலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சித்திரையில் கம்பெனி ஆட்கள் வந்து, உளுந்து எடுத்து முடித்த வயல்களில் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். அன்று அப்பா முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

"இந்தக் கம்பெல்லாம் யார் யார் பட்டாவுல நிக்குதுன்னு பாத்துச் சொல்லும்மா."

புலப்படங்களை வாங்கி வந்து, கம்பு கம்பாக நடந்து அளந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக வரைந்தேன். கூடத்தில் விரித்தால் ஒரு பாய் அளவுக்கு இருக்கும். அப்பா சாயங்காலம் வந்ததும் கை கால் கழுவிவிட்டு அதன் முன்னால் உட்காருவார். எது பாசன வாய்க்கால், எது வடிகால், எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறும் என்று அவர் சொல்லச் சொல்ல, நீலப் பென்சிலால் குறித்துக்கொள்வேன். அப்பா கட்சி மேடைகளில் பேசிப் பழகியவர். வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். அந்தப் படத்தின் முன்னால் மட்டும் என்னைக் கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார். அந்த நேரத்தை நான் யாரோடும் பங்கு போட்டதில்லை.

வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது.

அண்ணி நாகப்பட்டினத்துப் பெண். சீர்வரிசையாக வந்த கட்டில், பீரோ, பித்தளைக் குடம் எல்லாவற்றையும் ஆட்கள் இறக்கினார்கள். ஓர் அட்டைப்பெட்டியை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்காமல், பட்டுப்புடவையோடு தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குள் ஒரு மின்சார ஓவன் இருந்தது. அவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் துபாயிலிருந்து திரும்பி வந்து குடியேறியதாம். அந்த வீட்டு அம்மாவிடம் சின்ன வயதிலேயே பன் சுடப் பழகிக்கொண்டாளாம்.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். லீவு முடிந்ததும் போய்விட்டான். அங்கே போகப் பேப்பர் வரும்வரை அண்ணி எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. என்னைவிட ஒரு வயது இளையவள். ஆனாலும் "வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி" என்றுதான் நான் சொல்ல வேண்டும். அவளிடம் எனக்குப் பிடிக்காமல் போனவற்றில் அது முதலாவது. இரண்டாவது, அவளுக்குச் சிரிப்பதற்குக் காரணமே தேவைப்படவில்லை. மூன்றாவது, அப்பாவின் சர்க்கரை. வருஷக்கணக்காக நான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தேன். அவள் வந்த முதல் வாரமே, "பாவம், மாமா கேக்குறாங்க" என்று டீயில் ஒரு கரண்டி போட்டுவிட்டாள். நான்காவதுதான் பன்.

அவள் முதல் முறை சுட்ட அன்று நான் கூடத்தில் படத்தை விரித்து அப்பாவுக்காகக் காத்திருந்தேன். சமையலறை வாசல் வழியாகத் தெரிந்ததை மட்டும் பார்த்தேன். எழுந்து போய்ப் பார்ப்பதாக இல்லை. இலவசமாக அரசு கொடுத்த மிக்ஸியில் பட்டையும் ஏலக்காயும் சுக்கும் பொடித்தாள். மேடையில் மைதா மாவை அகலமாகத் தேய்த்தாள். வெண்ணெய் தடவி, நாட்டுச் சர்க்கரையையும் பொடியையும் தூவி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டினாள். பிறகு பூக்கட்டும் நூலை எடுத்து அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே குறுக்காக இழுத்தாள். துண்டு நசுங்காமல் விழுந்தது. கத்தியால் முடியாத காரியம் அது. நானாக இருந்தாலும் நூலைத்தான் எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்திருக்க மாட்டேன்.

வாசனை வந்தபோது அப்பாவும் வந்தார். கை கால் கழுவவில்லை. படத்தைத் தாண்டி, மிதித்துவிடாமல் ஓரமாக நடந்து, சமையலறைக்குள் போனார்.

"என்னம்மா இது, வீடே கல்யாண வீடு மாதிரி மணக்குது?"

"சூடா இருக்கு மாமா, ஊதித் தின்னுங்க."

வெளியே வரும்போது அவர் மீசையில் சர்க்கரை ஒட்டியிருந்தது. "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார் என்னிடம். நான் படத்தைச் சுருட்டினேன்.

ஆனியில் குறுவை நட்ட வயலுக்குள் மண் தோண்டும் இயந்திரம் இறங்கியது. ஊர்ப் பெண்கள் அதன் முன்னால் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இயந்திரம் திரும்பிப் போனது. அடுத்த நாளே கூட்டுரோட்டில் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. முறை வைத்து ஒவ்வொரு வீடும் டீயும் தின்பண்டமும் கொடுத்து அனுப்பும். எங்கள் முறை வந்தால் அதுவரை சுண்டல்தான். ஒரு நாள் அண்ணி பன்னை எடுத்துக்கொண்டு தானே போனாள்.

பந்தலில் எல்லோருக்கும் குரலாக இருந்தவர், நடவுக்கு ஆள் கூட்டி வரும் அக்கா. அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். பன்னைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாடி மருமகளே, பாய சுருட்டி வச்ச மாதிரி இருக்கு?"

"சுருட்டு பன்னுன்னு வச்சுக்குங்க அக்கா."

"எங்க வீட்டுக்காரரு போன வருஷந்தான் சுருட்ட விட்டாரு. இப்ப நான் ஆரம்பிக்கிறேன்" என்று கடித்தார். பந்தலே சிரித்தது.

அங்கே ஒரு பக்கம் அப்பா, எதிர்ப்பக்கம் எதிர்வீட்டு மாமா. இருவரும் வேறு வேறு கழகம். குழாய்க்கு முதல் கையெழுத்துப் போட்டது உங்கள் ஆள்தான், இல்லை, உங்கள் ஆள் ஆரம்பித்து வைத்ததுதான் என்று தினமும் சண்டை. அன்று இருவரும் ஒரே தட்டிலிருந்து பன்னை எடுத்து டீயில் முக்கியபடி சண்டை போட்டார்கள். எதிர்வீட்டு மாமா வாய் நிறைய வைத்துக்கொண்டு, "ஆட்சி யாருதா இருந்தாலும் இந்தப் பன்ன ரேஷன்ல போட்டா ஓட்டு உறுதிங்க" என்றார். அப்பா மறுக்கவில்லை. அவர்கள் இருவரும் ஒத்துப்போனது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

மயிலாடுதுறை தாலுகா அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்ற செய்தி அந்த வாரம் வந்தது. ஊர் சார்பில் ஐந்து பேர் போகலாம். சேற்றில் உட்கார்ந்தது பெண்கள் என்பதால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், அது யார் என்பதைப் பெண்களே சொல்லட்டும் என்று முடிவானது.

எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு வெளிப்படையாக மனதுக்குள் கேட்டதில்லை. படம் என்னுடையது. மதகு எங்கே நிற்கிறது, கம்பெனியின் கோடு அதன் மேல் எப்படி விழுகிறது என்று விளக்கத் தெரிந்தவள் நான். அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதை விளக்க வேண்டும்.

நடவு அக்கா சொன்னார்: "வாய் உலராம பேசணும். மொகம் சிரிச்சாப்புல இருக்கணும். நாலு பேரு மனசுல பட்டுன்னு ஒட்டிக்கிற பொண்ணா இருக்கணும்." சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தார். பன் தட்டும் அவள் பக்கத்தில்தான் இருந்தது.

"ஐயோ, எனக்கு வயல் வரப்பே இன்னும் சரியாத் தெரியாது அக்கா."

"தெரிஞ்சவங்க கூட வருவாங்கள்ல. நீ பேசு."

அப்பா என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் டீ கிளாஸைப் பார்த்தார்.

ஆடி பிறப்பதற்கு முன் அண்ணியின் அப்பாவும் அம்மாவும் சீர்த் தட்டோடு அழைத்துப் போக வந்தார்கள். புதுப்பெண் ஆடியில் மாமியார் வீட்டில் இருக்கக் கூடாது. பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் அந்த மாதம் பிரிந்திருக்க வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம். புருஷன் ஏற்கெனவே சிங்கப்பூரில் இருக்கும்போது இன்னும் எங்கே பிரித்து வைப்பது என்று அப்பா கேட்டார். அம்மா தாம்பூலத் தட்டை எடுத்து வைத்தார்.

கிளம்பும்போது அண்ணி என்னிடம் வந்தாள். "ஓவன் இங்கயேதான் இருக்கு. பந்தல்ல கேப்பாங்க. எப்படிப் பண்றதுன்னு சொல்லிட்டுப் போகவா?"

"வேணாம் அண்ணி. பாத்திருக்கேன்."

கேட்கத்தான் கேட்டார்கள். எங்கள் முறை வந்ததும் நடவு அக்கா, "சுருட்டு உண்டா, இல்ல மருமகளோட சேந்து அதுவும் போயிடுச்சா?" என்றார். "உண்டு" என்றேன்.

நான் பார்த்திருந்தது தேய்ப்பதும் தூவுவதும் சுருட்டுவதும் வெட்டுவதும்தான். அதற்கு முன்னால் மாவு எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பார்த்திருக்கவில்லை. ஈஸ்ட் போட்டால் மாவு எழும்பும் என்று தெரியும். அம்மாவிடம் கேட்டேன்.

"மாவுன்னா ராத்திரி பூரா புளிக்கணும்" என்றார் அம்மா. "காலையில பொங்கி மூடியத் தள்ளணும். அப்பத்தான் மெத்துன்னு வரும்."

நாங்கள் அரிசி தின்கிறவர்கள். எங்கள் வீட்டில் மாவு என்றால் இட்லி மாவு. நானும் அளவுகளையெல்லாம் சரியாக எடை போட்டுவிட்டு, இந்த ஒரு விஷயத்தில் அம்மாவை நம்பினேன். காலையில் பார்த்தால் மாவு மூடியைத் தள்ளி, பாத்திரத்தைத் தாண்டி, கிரைண்டர் மேலெல்லாம் வழிந்து, நடுவில் குழி விழுந்து கிடந்தது. கள் வாடை அடித்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படிப் பொங்கிருக்கு பாத்தியா" என்றார்.

நூல் போட்டால் ஒட்டியது. ஓவனில் பன் எழும்பவில்லை, பரந்து போனது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். போகாமல் இருந்தால் தோற்றதாக ஆகிவிடும்.

நடவு அக்கா ஒரு வாய் கடித்து, நிதானமாக மென்று, முழுங்கினார்.

"கெட்டுப்போவல. கொஞ்சம் மீன் கொழம்பு இருந்தா நல்லாருக்கும்."

"ஆப்பம்னு நெனச்சுத் தின்னா ஆப்பம்தான்" என்றார் எதிர்வீட்டு மாமா. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

"மருமக எப்ப வருது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்று பஸ்ஸில் போகும்போது ஈஸ்ட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரம் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு சீரியல் பார்த்து முடிக்கும் நேரமே அதிகம். இரண்டு மடங்கு ஆனதும் எடுத்துவிட வேண்டும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஊர் முழுக்க மோட்டார் ஓடும். வீட்டில் பல்பு மங்கும். ஓவன் பாதிச் சூடுதான் ஏறும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிட வேண்டும். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தேன், அப்பாவுக்காக. பட்டையை ஒரு துளி கூட்டினேன், எனக்காக.

அப்பா விடியற்காலையிலேயே பந்தலுக்குப் போன பிறகு சுட்டேன். இந்த முறை பன் எழும்பியது. மேலே காபி நிறம். பிரித்தால் சுருள் சுருளாக வந்தது. உள்ளே ஈரம் இருந்தது. அடுப்படியில் நின்றபடியே ஒன்றைத் தின்றேன். அண்ணி சுட்டது போல இருந்தது என்று சொல்ல மாட்டேன். அதைவிட நன்றாக இருந்தது.

பந்தலில் தட்டு ஒரே சுற்றில் காலியானது. நடவு அக்கா கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

"மருமக பஸ்ல குடுத்து வுட்டுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இரண்டாவது பன்னை எடுத்தார். "என்ன இருந்தாலும் உங்க அண்ணி கை அண்ணி கைதான்" என்றார்.

புளித்த பன்னுக்கு மட்டும் என் பெயர் இருந்தது. நல்ல பன் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. நான் சுட்டது என்று சொன்னால் பாராட்டைக் கேட்டு வாங்குவது போல ஆகும். தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன்.

பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்து வந்தபோது ஆடி பாதிகூட முடியவில்லை. பந்தலில் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: மருமகளைக் கூட்டி வாருங்கள். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"ஒரு நாள்தான். காலையில வந்து சாயங்காலம் போயிடட்டும்."

"ஆடி முடியாம அந்தப் புள்ள நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது."

"இதெல்லாம் மூடப் பழக்கம்னு நான் எத்தன மேடையில பேசிருக்கேன்?"

"மேடையில பேசுங்க. வாசப்படி என்னோடது."

"புருஷன் சிங்கப்பூர்ல இருக்கான்டி. எதுக்கு ஆடி, எதுக்கு அமாவாச?"

அப்பா துணைக்கு என் பக்கம் திரும்பினார். அவர் வளர்த்த பெண் நான். நல்ல நேரம் பார்க்காதவள், பூனை குறுக்கே வந்தால் நிற்காதவள்.

"அம்மா சொல்றதும் சரிதான்பா" என்றேன். "பெரியவங்க காரணமில்லாமயா வச்சிருப்பாங்க."

அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஆடி மாதத்தின் பக்கம் நின்றேன். அடுத்த நாள் பந்தலில் நடவு அக்கா, "சரி, அப்ப பாப்பாவே போவட்டும். படமாவது கையில இருக்கு" என்றார். எனக்கு அந்த இடம் கிடைத்தது இப்படித்தான்.

தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள், மறுபக்கம் நாங்கள். அப்பாவின் பக்கத்து நாற்காலி எனக்கு. முதலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கம்பெனி இன்ஜினியர் தன் படத்தை விரித்து, "இங்க இருக்கறது பழைய வடிகால்தான். தோண்டிப் பதிச்சு, மூடிக் குடுத்துடுவோம். விவசாயத்துக்கு ஒரு பாதிப்பும் இல்ல" என்றார். அப்பா எழப் பார்த்தார். நான் என் படத்தை அதன் மேலேயே விரித்தேன்.

"அது வடிகால் இல்லங்க சார். பாசன வாய்க்கால். மதகு இங்க நிக்குது. உங்க கோடு அதுக்கு நேர் மேல விழுது. இதத் தோண்டிட்டா கெழக்க இருக்கற வயல் எதுக்கும் தண்ணி ஏறாது. மூடிக் குடுக்குற வரைக்கும் பயிர் காத்திருக்காது."

தாசில்தார் குனிந்து பார்த்தார். நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து மதகிலிருந்து கிழக்கே நகர்த்தினார். "யார் போட்ட படம் இது?"

"நான்தாங்க."

"கூட்டா ஒரு தடவ அளந்து பாத்துடுவோம். அது வரைக்கும் மிஷின் எறங்க வேணாம்" என்றார் கம்பெனிக்காரர்களிடம். அதற்கு மேல் அன்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் வாசலில் காத்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். படம் என் மடியில் இருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். குத்தாலம் வந்தது. அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். அப்போது சொன்னார்.

"உங்க அண்ணி இருந்திருந்தா ரெண்டு பன்னாவது கையில எடுத்துட்டு வந்திருக்கும். பசிக்குது."

ஆவணி பிறந்ததும் அண்ணி வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டத்துக்கு நான் வரணும்னு எங்க வீட்ல ஒரே சண்ட. எங்கம்மா ஆடி ஆடின்னு கதவ மூடிட்டாங்க. நீங்க பேசுனத மாமா எனக்கு போன் பண்ணி முழுசா சொன்னாங்க. தாசில்தார் கேட்டது, நீங்க எந்திரிக்காமலே பதில் சொன்னது, எல்லாம். 'எம் பொண்ணு படத்த விரிச்ச ஒடனே எதிராளி வாய மூடிட்டான்'னு திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு, தெரியுமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்க நினைத்த வார்த்தைகள் அவை. குத்தாலம் பஸ் நிறுத்தத்தில் கேட்டிருக்க வேண்டியவை. அப்பா அவற்றை அவளிடம் சொல்லியிருந்தார்.

கூட்டாக அளக்கும் நாள் வந்தது. தாலுகா சர்வேயருக்காக வரப்பில் எல்லோரும் காத்திருந்தோம். குறுவை கதிர் சாய்ந்து அறுவடைக்கு நின்றது. அண்ணி விடியற்காலையிலேயே பன் சுட்டு எடுத்து வந்திருந்தாள். நடவு அக்கா ஒன்றைத் தின்றுவிட்டு அண்ணியிடம் சொன்னார்:

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடியில நீ குடுத்து வுட்டியே, அதாண்டி ஒசத்தி."

அண்ணி புரியாமல் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் எங்க அக்கா குடுத்து வுட்டேன்? அது இவங்க சுட்டது."

"பாப்பாவா?" நடவு அக்கா யோசித்தார். "அதான, இனிப்பு கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்."

அப்பா கையிலிருந்த பன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சர்வேயரின் பைக் வந்துவிட்டது.

மதகிலிருந்து கம்பு வரை டேப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. வழக்கமாக அப்பாதான் பிடிப்பார். இந்த முறை அவருக்கு முன்னால் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். "எங்க பிடிக்கணும், சொல்லுங்க" என்றாள். மதகின் கல்லைக் காட்டினேன். மறுமுனையை நான் இழுத்துக்கொண்டு போய்க் கம்பில் வைத்தேன். அளவு என் படத்தில் இருந்ததுதான். சர்வேயர் எழுதிக்கொண்டார். கம்பெனி ஆள் தானே வந்து அந்தக் கம்பைப் பிடுங்கி, முடிவு வரும்வரை என்று சொல்லி வரப்பில் படுக்க வைத்தார். பின்னால் பெண்கள் கைதட்டினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் அண்ணி இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். டேப் தொய்யாமல், முறுக்கிக்கொள்ளாமல், மட்டமாக இருந்தது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படிப் பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

"நல்லாப் பிடிக்குதுல்ல" என்றார் அப்பா, என் பக்கத்தில் வந்து நின்று.

"பரவாயில்ல" என்றேன்.